மீனுக்கு என்ன நோய்? மருந்து ஊற்றுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டு விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருப்பது இன்று புதுமையான விடயமல்ல. பெருநாள் காசு சேர்த்து தம்பி, தங்கைமார் ஆசையோடு வாங்குபவற்றில் மீனும் ஒன்று. நான்கைந்து கோல்ட் பிஷ், கொஞ்சம் வண்ணக் கல், ஒரு காற்று மோட்டர், ஒரு டப்பா தீன். முதல் கிழமை முழுவதும் வீட்டில் எல்லோரும் தொட்டியைச் சுற்றித்தான் இருப்பார்கள். இரண்டாம் கிழமை ஒரு மீன் மேலே மிதக்கும். மறுநாள் இன்னொன்று. “நோய் வந்துட்டு” என்று யாரோ சொல்ல, ஒரு நீல மருந்தை வாங்கி ஊற்றுவார்கள். மிச்சமும் போய்விடும். பிறகு அந்தத் தொட்டி பின்வளவில் கவிழ்ந்து கிடக்கும்.

இது பல வீடுகளில் நடக்கும் கதை. இதில் நான் கவனித்த ஒரு விடயம், மருந்து வாங்குவதற்கு நாம் காட்டும் அவசரத்தை நோய் என்னவென்று அறிவதற்குக் காட்டுவதில்லை என்பதாகும். மனிதனுக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியர் முதலில் கேள்வி கேட்கிறார், பிறகு தொட்டுப் பார்க்கிறார், தேவையென்றால் இரத்தம் சோதிக்கிறார், கடைசியில்தான் மருந்து எழுதுகிறார். மீனுக்கும் அதே ஒழுங்குதான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி என்ற வகையிலும், நான்கு வருடமாக வீட்டில் மீன் வளர்ப்பவள் என்ற வகையிலும் அந்த ஒழுங்கை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

மீன் சொல்லாது, காட்டும்

நோயுற்ற மீனை அறிய வேண்டுமானால், சுகமான மீன் எப்படி இருக்கும் என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். சுகமான கோல்ட் பிஷ் செட்டைகளை விரித்து நீந்தும். தீன் டப்பாவைக் கண்டால் முன்னுக்கு வரும். கண் தெளிவாக இருக்கும். செதில்கள் உடம்போடு படிந்திருக்கும். பூமூடி ஒரே சீராகத் திறந்து மூடும்.

இதற்கு மாறாக, செட்டைகளை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நிற்பது, தீனுக்கு வராமல் இருப்பது, கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பை உரசுவது, நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுவது, மற்ற மீன்களை விட்டு ஒதுங்குவது ஆகியவை ஏதோ சரியில்லை என்பதற்கான அறிகுறிகள். ஆனால் இவை எந்த நோய் என்று சொல்லமாட்டா. மனிதனுக்குத் தலைவலி வருவது போன்றவை இவை. தலைவலிக்கு நூறு காரணம் இருக்கும்.

மூச்சை எண்ணிப் பார்ப்பது ஒரு நல்ல பழக்கம். கையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு 15 செக்கனில் பூமூடி எத்தனை தடவை திறக்கிறது என்று எண்ணி, நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கான அளவு கிடைக்கும். ஒவ்வொரு மீனுக்கும் இது வேறுபடும். ஆகவே மீன் சுகமாக இருக்கும் நாளிலேயே எண்ணிக் குறித்து வையுங்கள். சுகயீனமான நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.

முதல் கேள்வி: ஒன்றா, எல்லாமா?

தொட்டியில் எத்தனை மீன் சுகமில்லாமல் இருக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எல்லா மீன்களும் ஒரே நாளில், ஒரே மாதிரி வாடினால் பெரும்பாலும் குற்றம் நீரில் இருக்கும். ஏனென்றால் அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது அந்த நீர் ஒன்றுதான். ஒன்றில் தொடங்கி சில நாட்களில் மற்றவற்றுக்குப் பரவினால் தொற்றுநோய் அல்லது ஒட்டுண்ணி என்று சந்தேகிக்கலாம். ஒரேயொரு மீன் மட்டும் நீண்ட நாட்களாகச் சுகமில்லாமல் இருந்து, மற்றவை நன்றாக இருந்தால், அந்த மீனின் காயமோ, வயதோ, உள்ளுறுப்புக் கோளாறோ காரணமாகலாம்.

இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். அடுத்து கேட்க வேண்டியவையும் எளிமையானவைதான். தொட்டி வைத்து எத்தனை நாள்? கடைசியாக எப்போது புதிய மீன் சேர்த்தீர்கள்? எப்போது நீர் மாற்றினீர்கள், எந்த நீரால்? வடிகட்டியை எப்போது, எப்படிக் கழுவினீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீன் போடுகிறீர்கள்?

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன் உண்ணும் புரதத்திலிருந்து கழிவாக வருவது அமோனியா. மனிதன் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரோடு வெளியேற்றுகிறான். மீனோ பெரும்பகுதியைப் பூக்கள் வழியாக நேரே நீரில் விடுகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது பரந்த நீரில் கலந்து போகும். 40, 50 லீற்றர் தொட்டியில் போக இடமில்லை. மிச்சத் தீனும் மலமும் அழுகும்போது இன்னும் அமோனியா சேரும்.

இதை மாற்றித் தருபவை நைதரசன் வட்டத்தில் நாம் படிக்கும் பற்றீரியாக்கள். நைத்திரோசோமோனாசு போன்றவை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். வேறு சில பற்றீரியாக்கள் அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். அமோனியாவும் நைத்திரைற்றும் மீனுக்குக் கடும் நஞ்சு. நைத்திரேற்றின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. கிழமைக்கொரு தடவை நீரில் ஒரு பகுதியை மாற்றினால் அதுவும் கட்டுப்படும்.

இந்தப் பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறிப் போதிய அளவு பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். அதற்கு முன் தொட்டியை மீன்களால் நிரப்பினால் அமோனியா ஏறும். “வாங்கி இரண்டு கிழமையில் செத்துப்போச்சு” என்ற கதை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருப்பதற்கு இதுதான் முக்கிய காரணம். நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆனால் நஞ்சு உள்ளே இருக்கும். தெளிவு வேறு, தூய்மை வேறு.

அமோனியா நஞ்சேறிய மீன் மேற்பரப்பில் மூச்சுக்குத் தவிக்கும். பூக்கள் கடுஞ்சிவப்பாகி எரிந்தது போலத் தோன்றும். செட்டைகளில் இரத்தக் கோடுகள் தெரியலாம். நைத்திரைற்று ஏறினால் அது குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு தாக்கமுற்று ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். அப்போது பூக்கள் கபில நிறமாகத் தெரியும். மீன் சந்தையில் வாப்பாமார் பூமூடியைத் தூக்கிப் பூவின் நிறத்தைப் பார்த்துத்தானே மீனின் பதத்தை அறிகிறார்கள்! உயிருள்ள மீனிலும் பூவின் நிறம் பல செய்திகளைச் சொல்லும்.

இங்கே பீ.எச். பெறுமானமும் முக்கியம். நீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். அமோனியம் அயன் அவ்வளவு கேடு செய்யாது. அமோனியா மூலக்கூறே நஞ்சு. பீ.எச். 7இலிருந்து 8ஆக உயர்ந்தால் அந்த நச்சு வடிவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். வெப்பநிலை கூடினாலும் அது கூடும். அத்தோடு சூடான நீரில் ஒட்சிசன் குறைவு. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையுமென்றால், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். கிழக்குக் கரையில் வாழும் எங்களுக்கு இது பெரிய விடயம். ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியும் 30 பாகையைத் தொட்டுவிடும்.

சாச்சி வீட்டுத் தொட்டி

இந்த ஒழுங்கு எப்படிப் பயன்படும் என்பதைக் காட்ட ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன். போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு சாச்சி வீட்டில் ஒரு தொட்டி வாங்கி ஆறு கோல்ட் பிஷ் விட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஒன்று செத்தது. அடுத்த இரண்டு நாட்களில் இன்னும் இரண்டு. ஒன்பது வயதான சாச்சியின் மகள் அழுதுகொண்டே இருந்தாள். அவள் தொட்டிக்குள் கை விட்டதால்தான் மீன் செத்தது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூத்தும்மா கண்ணூறு என்றார். மீன் விற்றவரிடம் கேட்டபோது, பார்க்காமலே ஒரு நீல மருந்தைக் கொடுத்து, “இது எல்லா நோய்க்கும் சரி” என்று சொல்லியிருக்கிறார்.

“மகள், ஊத்துறதுக்கு முன்ன நீ ஒருக்கா வந்து பாரேன்” என்று சாச்சி போன் பண்ணினார்.

நான் போய் முதலில் தொட்டியைத் தொடாமல் பத்து நிமிடம் பார்த்தேன். மிச்ச மூன்று மீன்களும் மேற்பரப்பில் நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. உடம்பில் வெள்ளைப் புள்ளியில்லை, பஞ்சு போன்ற எதுவும் இல்லை, காயமும் இல்லை. வாற்செட்டையில் மெல்லிய சிவப்புக் கோடுகள் இருந்தன. மூன்றும் ஒரே மாதிரி. ஆகவே என் சந்தேகம் நீரின் பக்கம் போனது.

பிறகு கேள்விகள். தீன் எத்தனை தடவை? காலை, பகல், இரவு, அதற்கிடையில் சின்னவர்களும் போடுவார்கள். வடிகட்டி? இரண்டு நாளைக்கு முன் மணக்கிறது என்று சாச்சி பஞ்சைக் குழாய் நீரில் நன்றாகக் கசக்கிக் கழுவினார். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரீன் சேர்க்கிறார்கள். அது நோய்க்கிருமி எது, நமக்கு உதவும் பற்றீரியா எது என்று பார்த்துக் கொல்லாது. பன்னிரண்டு நாளில் கொஞ்சமாவது வளர்ந்திருந்த பற்றீரியாக்களும் அதோடு போயிருக்கும்.

எங்கள் வீட்டிலிருந்த அமோனியா சோதனைத் திரவத்தைக் கொண்டுபோயிருந்தேன். சின்னக் குப்பியில் தொட்டி நீரை எடுத்து, சொன்ன அளவு துளிகளை விட்டுப் பொறுத்திருந்தால் நிறம் மாறும். மஞ்சள் என்றால் அமோனியா இல்லை. பச்சை கூடக் கூட அமோனியா கூடுகிறது என்று அர்த்தம். அந்தக் குப்பி கடும் பச்சையானது. அட்டையோடு ஒப்பிட்டபோது லீற்றருக்கு 4 மில்லிகிராம். இருக்க வேண்டிய அளவு பூச்சியம்.

அந்த நேரத்தில் நீல மருந்தை ஊற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதிலிருந்தது மெதிலீன் நீலம். அது சில பங்கசுகளுக்கும் ஒட்டுண்ணிகளுக்கும் எதிரான மருந்துதான். ஆனால் வடிகட்டியிலுள்ள பயன்தரும் பற்றீரியாக்களையும் அது பாதிக்கும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, இருக்கிற நஞ்சைக் கூட்டியிருப்போம். மருந்துக் குப்பியை அப்படியே மூடி வைத்தோம்.

ஒரு நாள் முன்பே வாளிகளில் பிடித்து வைத்திருந்த நீர் நல்லவேளையாக இருந்தது. அதனால் தொட்டி நீரில் பாதியை மாற்றினோம். காற்று மோட்டரைக் கூட்டி வைத்தோம். இரண்டு நாளைக்குத் தீன் நிறுத்தம். சுகமான கோல்ட் பிஷ் சில நாட்கள் தீனில்லாமல் இருக்கும், அதனால் ஆபத்தில்லை. அதன் பிறகு தினமும் மூன்றிலொரு பங்கு நீர் மாற்றம். அன்றிரவே ஒரு மீன் செத்துவிட்டது. அதன் பூக்கள் மிகவும் எரிந்து போயிருந்தன. மற்ற இரண்டும் மூன்றாம் நாள் கீழே இறங்கி நீந்தின. அவை இன்றும் இருக்கின்றன.

எனக்கு அதில் பெரிய சந்தோஷம் மீன் பிழைத்தது மட்டுமல்ல. அந்தக் குப்பியைக் காட்டி, “பார், இந்தப் பச்சைதான் காரணம், நீ கை விட்டதால இல்ல” என்று அந்தச் சின்னப் பிள்ளையிடம் சொல்ல முடிந்தது. அதன் பிறகு அவளே ஒவ்வொரு நாளும் துளிகளை எண்ணி விட்டு, நிறத்தைக் கொப்பியில் பென்சிலால் தீட்டி வைத்தாள்.

உடம்பில் தெரியும் அடையாளங்கள்

நீர் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் நோய்களைத் தேட வேண்டும். வீட்டுத் தொட்டிகளில் அதிகம் காணப்படுபவை சிலவற்றைச் சொல்கிறேன்.

வெள்ளைப் புள்ளி நோய்: உப்புத் தூளைத் தூவியது போலச் செட்டைகளிலும் உடம்பிலும் சிறு வெண்புள்ளிகள் தெரியும். மீன் கல்லில் உரசும். இதற்குக் காரணம் இக்தியோப்திரியஸ் மல்டிபிலிஸ் என்ற பிசிருள்ள ஒருகல உயிரி. அது மீனின் தோலுக்குள்ளே தங்கி உண்டு பெருக்கும். பின் விழுந்து, கல்லிலோ இலையிலோ ஒட்டி, ஓர் உறையை உண்டாக்கி, அதற்குள் நூற்றுக்கணக்காகப் பிரியும். அவை வெளியே வந்து இன்னொரு மீனைத் தேடி நீந்தும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் இறந்துவிடும். மருந்து வேலை செய்வது இப்படி நீந்தித் திரியும் பருவத்தில் மட்டுமே. தோலுக்குள் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து சேராது. ஆகவே புள்ளி மறைந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துவதுதான் பலர் தோற்கும் இடம். புள்ளி மறைவது நோய் போய்விட்டது என்பதல்ல, அது கீழே விழுந்து பெருகப் போகிறது என்பதே. இந்த வட்டம் நம்முடைய சூட்டில் சில நாட்களில் முடியும். நுவரெலியா போன்ற குளிர் இடங்களில் கிழமைக் கணக்கில் நீளும்.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் கப்பி மீன்களில் இது வந்தபோது, செத்த உடனேயே ஒன்றை அவள் கொண்டுவந்தாள். உயிரியல் டீச்சரின் அனுமதியோடு அதன் சீதத்தைச் சிறிது எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தோம். வட்டமான ஓர் உயிரி மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. அதன் கரு குதிரை லாடம் போல வளைந்திருந்தது. அந்த லாடத்தைக் கண்டால் வேறு சந்தேகமே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஆண் கோல்ட் பிஷ் இனப்பெருக்கக் காலத்தில் பூமூடியிலும் முன்பக்கச் செட்டையின் ஓரத்திலும் வரிசையாக வெண்முளைகள் பெறும். அது நோயல்ல. புள்ளிகள் அந்த இடங்களில் மட்டும் ஒழுங்காக இருந்து, மீன் சுறுசுறுப்பாகவும் இருந்தால் மருந்து தேவையில்லை.

பொன்தூசி: வெள்ளைப் புள்ளியை விட மிக நுண்ணிய, மஞ்சள் அல்லது பொன்னிறத் தூள் போலத் தெரிவது இன்னொரு ஒட்டுண்ணி. சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்சினால் மினுங்கும்.

பஞ்சு போன்ற படலம்: இங்கேதான் அதிகம் ஏமாறுவோம். காயத்தின் மேல் நீளமான இழைகளோடு பஞ்சு போல வளர்வது பெரும்பாலும் சப்ரோலெக்னியா போன்ற நீர்ப்பூஞ்சணம். அது மெதுவாகப் பரவும். ஆனால் வாயைச் சுற்றியும் முதுகிலும் சாம்பல் கலந்த வெண்படலமாகத் தோன்றி, ஓரிரு நாளில் மீனைக் கொல்வது பங்கசு அல்ல. அது பிளேவோபற்றீரியம் கொலும்னாரே என்ற பற்றீரியா. வெள்ளைப் புள்ளிக்கு நீரைச் சிறிது சூடாக்குவது ஒட்டுண்ணியின் வட்டத்தை விரைவாக்கி மருந்துக்கு உதவும். இந்தப் பற்றீரியா நோய்க்கு அதே சூடு எண்ணெய் வார்ப்பது போலாகும். இரண்டும் “வெள்ளையாக” இருப்பதால் ஒரே வைத்தியம் செய்தால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

செட்டை கரைதல்: செட்டையின் ஓரம் கிழிந்து, வெண்மையாகி, நாளுக்கு நாள் குறுகினால் அது பற்றீரியாத் தொற்று. அழுக்கு நீரே பெரும்பாலும் அதற்கு வழி விடும். ஓரம் தெளிவாக, ஒரு துண்டு மட்டும் போயிருந்தால் வேறு மீன் கடித்திருக்கலாம். நீரைச் சுத்தமாக வைத்தாலே இரண்டும் பல வேளைகளில் ஆறும்.

செதில் நிமிர்தல்: வயிறு வீங்கி, செதில்கள் தேவதாருக் காய் போல வெளியே நிமிர்ந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். இது தனியொரு நோயின் பெயரல்ல, ஓர் அறிகுறி. நன்னீர் மீனின் உடலுக்குள் பிரசாரணத்தால் ஓயாமல் நீர் புகும். சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றும். சிறுநீரகம் பழுதானால் அந்த நீர் உடம்பிலேயே தேங்கும். இந்த நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அரிது. முட்டை நிறைந்த பெண் மீனுக்கும் வயிறு பெருக்கும், ஆனால் செதில் படிந்தே இருக்கும்.

தலைகீழாக மிதத்தல்: உருண்டை உடம்புள்ள கோல்ட் பிஷ்களில் இது அதிகம். தீன் உண்டபின் மேலே மிதந்து கவிழும். உடம்பைக் குறுக்கி வளர்த்த இனங்களில் குடலும் காற்றுப்பையும் நெருங்கியிருக்கும். மலச்சிக்கல் வந்தால் சமநிலை கெடும். இரண்டு நாள் தீன் நிறுத்தி, பிறகு அவித்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியில் சிறு துண்டு கொடுக்கலாம். காய்ந்த தீனை நனைத்துப் போடுவதும் நல்லது.

மருந்தும் அளவும்

நோய் இன்னதென்று தெரிந்த பிறகு மருந்து. அதிலும் முதலில் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர் வரும். 60 நீளம், 30 அகலம், 25 உயரமென்றால் 45 லீற்றர். “ஒரு மூடி ஊற்றினால் போதும்” என்பது அளவல்ல. முடிந்தால் சுகமில்லாத மீனை வேறு பாத்திரத்தில் வைத்து மருந்து கொடுப்பது நல்லது. அப்போது வடிகட்டியின் பற்றீரியாக்கள் தப்பும். ஆனால் வெள்ளைப் புள்ளி நோயில் தொட்டி முழுவதிலும் ஒட்டுண்ணி இருப்பதால் தொட்டிக்கே வைத்தியம் செய்ய வேண்டும்.

நம் சமையலறையிலுள்ள கல்லுப்பும் ஒரு மருந்துதான். லீற்றருக்கு ஒரு கிராம் வீதம், 45 லீற்றருக்கு 45 கிராம் உப்பைத் தனிப் பாத்திரத்தில் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். உப்பிலுள்ள குளோரைட்டு அயன் பூக்கள் வழியாக நைத்திரைற்று புகுவதைக் குறைக்கும். நீர்த்தாவரங்கள் உள்ள தொட்டிக்கு இது ஏற்றதல்ல.

செய்யக் கூடாத ஒன்று, வீட்டில் மிஞ்சிய அன்டிபயோடிக் கெப்சூலை உடைத்துத் தொட்டியில் போடுவது. எந்தப் பற்றீரியாவென்று தெரியாமல், எவ்வளவு என்று தெரியாமல் போடும் மருந்து நல்ல பற்றீரியாவைக் கொல்லும். நோய்ப் பற்றீரியாவுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும். அந்த நீர் கடைசியில் நம் வளவிலும் வடிகானிலும்தான் போய்ச் சேர்கிறது.

நீர் மாற்றும்போது குழாய் நீரென்றால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வையுங்கள், குளோரீன் வெளியேறும். அவசரமென்றால் கடைகளில் விற்கும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் அதே வேலையை உடனே செய்யும். கிணற்று நீரில் குளோரீன் இல்லை. ஆனால் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம். சற்று உயரத்திலிருந்து ஊற்றிக் கலக்கிய பின் பயன்படுத்துங்கள். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள்.

கால்நடை வைத்தியரிடமோ, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம் போன்ற இடத்திலோ ஆலோசனை கேட்பதென்றால், உயிருள்ள சுகயீனமான மீனோடு தொட்டி நீரையும் தனிப் போத்தலில் கொண்டுபோக வேண்டும். மீன் இறந்துவிட்டால் உடனே பனிக்கட்டிக்கு மேல் வையுங்கள், உறைய விட வேண்டாம். இறந்து சில மணி நேரமான மீன் அழுகத் தொடங்குவதால் அதில் எதையும் கண்டறிய முடியாது.

நம் கைகளும் நம் குளங்களும்

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு விடயம். மீன் நோய்களில் பெரும்பாலானவை மனிதருக்குத் தொற்றா. ஆனால் மைக்கோபற்றீரியம் மரீனம் என்ற பற்றீரியா கையிலுள்ள வெட்டுக்காயம் வழியாகப் புகுந்து, நெடுநாள் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். காயமுள்ள கையைத் தொட்டிக்குள் விட வேண்டாம். நீரை வெளியேற்றும் குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். தொட்டி வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவது சின்னவர்களுக்குக் கட்டாயம். அப்படிக் கையில் ஆறாத கட்டி வந்தால் வைத்தியரிடம் வீட்டில் மீன் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

சுகமில்லாத மீனையோ, வளர்க்க அலுத்துப்போன மீனையோ “பாவம், பிழைத்துப் போகட்டும்” என்று குளத்திலும் வாய்க்காலிலும் விடுவது இரக்கமாகத் தெரியும். ஆனால் அந்த மீனோடு அதன் ஒட்டுண்ணியும் போகிறது. தொட்டியைத் துப்புரவாக்கும் என்று வாங்கப்பட்ட டேங்க் கிளீனர் மீன்கள் இன்று நம் நாட்டின் நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு இனமாகிவிட்டன. உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படும் செரி பார்ப் மீன் இலங்கைக்கே உரியது. ஈரவலயத்தின் நிழலான ஓடைகளே அதன் சொந்த வீடு. அத்தகைய மீன்களுக்கு நாம் வெளியிலிருந்து நோயைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. இறந்த மீனை மண்ணில் புதைத்துவிடுங்கள்.

ஒரு கொப்பி போதும்

இவ்வளவையும் மனதில் வைத்திருக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கொப்பி இருந்தால் போதும். நீர் மாற்றிய நாள், புதிய மீன் வந்த நாள், தீனின் அளவு, வெப்பநிலை, அமோனியாச் சோதனையின் நிறம், மூச்சின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கிழமைக்கு இரு தடவை எழுதுங்கள். மீன் வாடிய நாளில் அந்தக் கொப்பியைத் திருப்பினால் விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கும். புதிதாக வாங்கும் மீனை மூன்று, நான்கு கிழமை தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் சேருங்கள். 45 லீற்றரில் ஆறு கோல்ட் பிஷ் வளர்க்க முடியாது என்பதையும் வாங்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பூனை பசித்தால் கத்தும், ஆடு கயிற்றை இழுக்கும், கோழி கூட்டை விட்டு ஓடும். மீனுக்கு இவை எதுவும் இயலாது. நான்கு கண்ணாடிகளுக்குள் நாம் ஊற்றிய நீரையே அது சுவாசிக்க வேண்டும். அது நம்மிடம் உள்ள அமானிதம். ஆகவே மருந்துக் குப்பியைத் திறக்குமுன் பத்து நிமிடம் பாருங்கள், ஐந்து கேள்வி கேளுங்கள், நீரைச் சோதியுங்கள். பல வேளைகளில் மீனுக்குத் தேவைப்படுவது மருந்தல்ல, ஒரு வாளி நல்ல நீர்தான்.

- க.பொ.த. உயர்தரம், உயிரியல் பிரிவு மாணவி